நிலம் நம்முடையது, பாறை யாருடையது?

குடியாத்தம் பக்கம் மலையடிவாரத்தில் என் மச்சானுக்கு இரண்டு நிலம் படிந்து வந்தது. ஒன்று, மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் ரயத்துவாரி பட்டா, அதாவது இடையில் ஜமீன்தார் இல்லாமல் நேராக அரசுக்கே வரி கட்டி அனுபவிக்கும் சொந்த நிலம். இன்னொன்று, விற்பவரின் அப்பா அரசுக்குக் கிரயம் கட்டி ஒப்படை பெற்றது, அதாவது அரசு தன் நிலத்தை நிபந்தனையோடு எழுதிக் கொடுத்தது. இதில் ஏக்கர் விலை நன்றாகவே குறைவு. இரண்டிலும் கருங்கல் பாறை தலைகாட்டுகிறது. "பத்திரம் முடிஞ்சா பாறையும் நமக்குத்தானே மச்சான்?" என்று கேட்டார்.

ரயத்துவாரி நிலத்தை முதலில் பார்ப்போம். 2013இல் மலபார் நிலக்காரர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டப்படி எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தால் ஒழிய, அடியில் இருக்கும் கனிமமும் பொதுவாக நிலத்தின் சொந்தக்காரரையே சேரும் என்றது. இன்று கேரளத்தில் இருக்கும் மலபார், ஆங்கிலேயர் காலத்தில் நம் சென்னை மாகாணத்தில் இருந்த பகுதி. அதனால் இங்கேயும் அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பேச இடமிருக்கிறது. ஆனால் அந்தப் பட்டா எதிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஜமீன் போலவே ஆரணி ஜாகீர் இருந்த பழைய வட ஆற்காடு மாவட்டம் இது. பழைய ஜமீன் கிராமம் என்றால், ஜமீன்களை ஒழித்த 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் கனிமங்களையும் குவாரிகளையும் பெயர் சொல்லியே அரசுக்கு மாற்றிவிட்டது.

அரசு கொடுத்த நிலத்தின் கதை வேறு. இங்கே எல்லாமே ஒப்படை உத்தரவின் வாசகத்தில்தான் இருக்கிறது. அரசு கொடுக்கும் நிலம் அது கொடுக்கப்பட்ட நிபந்தனைப்படியே செல்லும் என்று 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே சொன்னது. அது நடப்பில் இருந்தபோது வாங்கிய நிலங்கள் நம் ஊர்களில் ஏராளம். 'கனிம உரிமை அரசுக்கே' என்று ஒரு வரி உத்தரவில் இருந்தால், எத்தனை கை மாறினாலும் அந்த வரியும் கூடவே வரும். விற்றவரிடம் இல்லாததை அவர் நமக்கு எப்படித் தர முடியும்? அப்புறம், சாகுபடிக்கென்று கொடுத்த நிலத்தில் கல் உடைத்தால் நிபந்தனை மீறல் என்று ஒப்படையையே ரத்து செய்யலாம். பாறை போவதோடு நிலமும் போகும். 1892இல் தொடங்கிய பஞ்சமி நிலமாக இருந்துவிட்டால் வாங்கவே கூடாது. அது பட்டியல் சாதி மக்களுக்கென்று கொடுத்தது, அவர்களிடமே இருக்க வேண்டும்.

சரி, பாறை நம்முடையதே என்று வைத்துக்கொண்டாலும் நாளைக்கே ஜல்லி உடைக்க முடியாது. 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டமும், தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகளும் பட்டா நிலத்துக்கும் உண்டு. குவாரி அனுமதி, சுற்றுச்சூழல் அனுமதி, லோடுக்கு லோடு நடைச்சீட்டு எல்லாம் வேண்டும். போதாததற்கு, கனிம உரிமை மீது மாநிலங்கள் வரி போடலாம் என்று 2024இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்ல, தமிழ்நாடும் கனிம நில வரிச் சட்டம் கொண்டுவந்துவிட்டது.

என்னைக் கேட்டால், கூடுதல் விலை என்றாலும் ரயத்துவாரி நிலம்தான். ஒப்படை நிலம்தான் வேண்டுமென்றால், பாறைக்கு ஒரு பைசாகூடச் சேர்க்காமல் வெறும் மேட்டு நிலத்துக்கு என்ன விலையோ அதை மட்டும் பேசலாம். மச்சானிடம் சொன்னதும் இதுதான்: மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். தாலுகா அலுவலகத்தில், ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம், யார் பெயரில் என்று எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டின் நகலையும் அசல் ஒப்படை உத்தரவின் நகலையும் எழுதிக் கேளுங்கள். விற்பவர் அந்த உத்தரவைக் காட்டத் தயங்குகிறார். அதனால் மச்சான் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை.