மத்திய வீதி பழைய சாமான் கடை: பித்தளையை விட்டுவிட்டுக் கறுப்பைக் கேளுங்கள்

திருகோணமலை மத்திய வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில் ஒரு பழைய சாமான் கடை இருக்கிறது. பெயர் எழுதவில்லை, ஏனென்றால் சொல்லப்போவதில் பாதி குறை. வாசலில் தையல் மெஷினும் பெற்றோல்மாக்ஸும் குவிந்து கிடக்கும், தேடுகிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

இந்த ஊரில் கடற்படைச் சாமான் என்றாலே விலை ஏறும். 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே இருந்தது. போனவர்கள் விட்டுப்போனது, விற்றுப்போனது, யாரோ எடுத்துப்போனது என்று எத்தனையோ பொருள் இன்னும் வீடுகளில் இருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லி வந்து சேர்ந்த போலிகள் அதைவிட அதிகம்.

கடையின் முன்பக்கக் கண்ணாடி அலுமாரி முழுக்கப் பித்தளை. மரப்பெட்டிக்குள் செக்ஸ்டன்ட் (சூரியன், நட்சத்திரங்களின் உயரக் கோணத்தை அளந்து கப்பல் எங்கே நிற்கிறது என்று கணிக்கும் கருவி), தோல் சுற்றிய நீள்குழல் தொலைநோக்கி, மூடி போட்ட திசைகாட்டி. எல்லாவற்றிலும் ஒரே பழுப்பு, மூலை முடுக்கெல்லாம் ஒரே அளவு கறுப்பு. கை பட்டுப் பழசான சாமான் இப்படி இருக்காது. பிடிக்கிற இடம் தேய்ந்து மின்னும், பிடிக்காத இடத்தில் அழுக்கு ஏறும். நான் எடுத்துப் பார்த்த தொலைநோக்கியில் 'கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917' என்று வெட்டியிருந்தது. கெல்வின் கம்பனியும் ஹியூஸ் கம்பனியும் ஒன்றாகி அந்தப் பெயரை வைத்துக்கொண்டதே 1947இல்தான். பிள்ளை பிறக்க முப்பது வருடம் முந்தியே பிறப்புச் சான்றிதழ் எழுதிவிட்டார்கள்.

செக்ஸ்டன்ட் இன்னும் மோசம். நில அளவைத் திணைக்களத்தில் கோணம் அளக்கும் தியோடலைட்டோடு காடு மேடெல்லாம் அலைந்து பென்ஷன் எடுத்தவன் நான். அளவுகோலைக் கண்டால் கை தானாக வெர்னியரை, அதாவது முதன்மை அளவுகோலை ஒட்டி நகர்ந்து நுண்ணிய அளவைக் காட்டும் துணை அளவுகோலை, தேடும். இதில் வெர்னியர் இருந்தது, ஆனால் அதன் கோடுகளில் ஒன்றுகூட முதன்மைக் கோடுகளோடு ஒழுங்காகப் பொருந்தவில்லை. நல்ல செக்ஸ்டன்டில் அளவு கீறிய வளைந்த சட்டத்தின் மேல் வெள்ளித் தகடு பதித்து அதில் மயிரிழைக் கோடு கீறியிருப்பார்கள். இங்கே பித்தளையிலேயே அமிலத்தால் அரித்த தடித்த கோடு. இந்தியாவில் அலங்காரத்துக்கென்றே பட்டறைகளில் செய்கிற சாமான் இது. மேசையில் வைக்க வடிவாகத்தான் இருக்கும். அலங்காரப் பொருள் என்று சொல்லி அந்த விலைக்கு விற்றால் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. பழசு என்று விற்கிறார்கள், அதுதான் பிரச்சினை.

"நானா, இது எங்கிருந்து வந்தது?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"சேர், இது ஹெர்மிஸ் கப்பல்ட சாமான்."

ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலையில் குண்டு விழுந்த அதே நாளில், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அதற்குள்ளிருந்து வந்த பித்தளை என்றால் உப்பு தின்ற அடையாளம் கொஞ்சமாவது வேண்டாமா என்று கேட்டேன். நானா சிரித்தார். சண்டைக்கு வரவில்லை என்பதை இந்தக் கடைக்குச் சாதகமாகவே எழுதுகிறேன்.

சரி, கறுப்புக்கு வருவோம். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் பழைய வானொலிகளோடு ஒரு பைனாகுலர் தூசி குடித்துக்கொண்டிருந்தது. கறுத்து, கனத்து, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாத சாமான். தூசியைத் துடைத்ததும் எழுத்து தெரிந்தது: பார் அண்ட் ஸ்ட்ரவுட், கிளாஸ்கோ. மாதிரி சி.எஃப். 41, ஏழு தரம் பெருக்கம், முன்கண்ணாடி 50 மில்லிமீற்றர். கூடவே ஏ.பி. 1900ஏ என்ற கடற்படை மாதிரி இலக்கமும், பிரித்தானிய அரசுச் சொத்துக்குப் போடும் அம்புக்குறியும். 1930களிலிருந்து பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களில் பயன்பட்ட பைனாகுலர் இதுதான். நடுவில் சக்கரம் கிடையாது. ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகத் திருகித் தெளிவாக்க வேண்டும்.

முதலில் எழுத்தைப் பார்த்தேன். வெட்டின் ஓரம் கூர்மையாக இருந்தது, பள்ளத்துக்குள் புதுப் பெயின்ற் நிறைந்திருக்கவில்லை. அடுத்தது ஸ்குரூ. பழைய கருவிகளில் பொய் சொல்லத் தெரியாதது ஸ்குரூத் தலைதான். யாராவது பொருந்தாத திருப்புளியால் திறந்திருந்தால் பிளவின் ஓரம் கிழிந்திருக்கும். இதில் இடப்பக்கம் சுத்தம். வலப்பக்க மூடியில் இரண்டு தலை கிழிந்திருந்தது. ஆக, வலப்பக்கம் ஒரு முறையாவது திறபட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும் என்று அப்போதே குறித்துக்கொண்டேன். கறுப்புப் பெயின்ற் பெருவிரல் படும் இடத்திலும் கழுத்துவார் வளையத்தைச் சுற்றியும் தேய்ந்து உள்ளே பித்தளை தெரிந்தது. வேறெங்கும் இல்லை. தேய்மானம் இப்படித்தான் வர வேண்டும்.

உள்ளே பார்க்க டோர்ச் வேண்டும். முன்கண்ணாடி வழியாக ஒளியைச் சாய்த்து அடித்துவிட்டு மறுமுனையால் பார்த்தால் எல்லாம் வெளிக்கும். நம் ஊர் ஈரத்துக்கு முதல் எதிரி பூஞ்சணம். கண்ணாடியில் மெல்லிய வேர் ஓடியது போல படரும், விட்டால் கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துவிடும். வலப்பக்கப் பட்டகத்தின் (உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டியின்) ஓரத்தில் அது தொடங்கியிருந்தது, நடுவுக்கு வரவில்லை. முன்கண்ணாடி இரண்டு வில்லைகளை ஒட்டிச் செய்தது. ஒட்டு விட்டிருந்தால் ஓரத்தில் வானவில் நிறம் காட்டும், அதைத் திருத்துவது சின்ன வேலையில்லை. நல்ல காலம், அது இல்லை. பிறகு பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து வானத்துக்கு எதிராகக் கண்பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு வெளிச்சப் பொட்டும் முழு வட்டமாக இருந்தன. ஐம்பதை ஏழால் வகுத்தால் அந்தப் பொட்டு ஏழு மில்லிமீற்றர் வரும், இருட்டில் மனிதக் கண்மணி விரிகிற அளவும் கிட்டத்தட்ட அதுதான். இரவுக் காவலுக்கு இது பிடித்துப்போனதன் காரணமும் அதில்தான் இருக்கிறது.

கடைசிச் சோதனையைக் கடைக்குள் செய்ய முடியாது. இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான். "அடையாள அட்டையை வச்சிட்டு கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் பாருங்க சேர்" என்று நானாவே சொன்னார். கொழும்பில் யார் சொல்வார்கள்? டச்சு விரிகுடாவுக்கு நடந்து போய்க் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்தேன். பார்த்தபடியே கண்ணைக் கண்ணாடியிலிருந்து மெல்லப் பின்னுக்கு எடுக்க வேண்டும். இரண்டு வட்டத்திலும் கோடு ஒரே உயரத்தில் நின்றால் இரண்டு குழலின் அச்சும் சரி. ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் கால் மணி நேரத்தில் தலையிடி. இங்கே வலப்பக்கம் ஒரு மயிரளவு தாழ்ந்திருந்தது. கிழிந்த ஸ்குரூ சொன்னது உண்மைதான்: யாரோ திறந்து, பட்டகத்தைத் திருப்பி வைக்கும்போது கொஞ்சம் பிசகியிருக்கிறது. இன்னொன்று, இந்தச் சோதனையைக் கடலைப் பார்த்தே செய்யுங்கள். கடற்படைத் தளப்பக்கம் பைனாகுலரைத் திருப்பினால் யாராவது வந்து ஊர், பெயர் எல்லாம் விசாரிப்பார்கள்.

நானா கேட்டது அறுபதாயிரம் ரூபா. பூஞ்சணத்தையும் அச்சையும் காட்டிப் பேசி நாற்பத்திரண்டுக்கு இறக்கினேன். உறை இல்லை, தோல்வாருக்குப் பதில் ஏதோ கமராவின் நைலோன் வார். நியாயமான விலை என்றே நினைக்கிறேன்.

அதே மாதிரியில் இன்னொன்றும் இருந்தது, அதைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. கறுப்பு முழுவதையும் சுரண்டி எடுத்து, பித்தளை மினுக்கும் பிராஸோ போட்டுத் தங்கம் போல் மினுக்கி வைத்திருந்தார்கள். தேய்த்த தேய்ப்பில் தொடர் இலக்கத்தின் பாதி காணாமல் போய்விட்டது, அம்புக்குறியைத் தடவித்தான் தேட வேண்டும். அதற்கு விலை எண்பத்தையாயிரம்! சுற்றுலாப் பயணிகள் மினுங்குவதைத்தான் கேட்கிறார்கள் என்றார் நானா. இருக்கலாம். சேகரிக்கிறவர் ஒருவரும் தொடமாட்டார்.

லண்டனில் இருக்கும் என் மச்சானுக்குப் பழைய பிரித்தானிய வெப்ளி ரிவோல்வர்களைப் பற்றிப் படிக்கிற பைத்தியம். அவனிடம் இதைச் சொன்னபோது அங்கேயும் இதே கதைதான் என்றான். 1915இல் வந்த ஆறாம் மார்க் வெப்ளியில் உடலிலும் குழலிலும் உருளையிலும் ஒரே இலக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். முத்திரை எழுத்தின் ஓரம் மழுங்கி, மேலே புது நீலப் பூச்சு பளபளத்தால் விலை விழுந்துவிடுமாம். வேறு வகையான 0.45 அங்குலத் தோட்டா போடுவதற்கென்று உருளையின் பின்பக்கத்தைச் சீவிவிட்ட துப்பாக்கிகளும் நிறைய உண்டாம். அதைக் கேட்டுவிட்டு இந்தக் கடைக்குப் போய் யாரும் ரிவோல்வர் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டாம். 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் நம் நாட்டில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பழசு, துரு என்று சொல்லித் தப்ப முடியாது. நானாவும் அந்தப் பேச்செடுத்தால் தேத்தண்ணி குடிக்க எழும்பிவிடுவார்.

மொத்தத்தில், ஐந்து புள்ளிக்கு முன் அலுமாரிக்கு ஒன்று, பின் தட்டுக்கு நான்கு. ரசீது கேட்டால் துண்டுக் கடதாசியில்தான் எழுதித் தருகிறார். அதில் மாதிரியையும் தொடர் இலக்கத்தையும் எழுதச் சொல்லி வாங்குங்கள், சொன்னால் எழுதுகிறார். டோர்ச்சை நீங்களே கொண்டு போங்கள், கடை டோர்ச்சில் பற்றரி இருப்பதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பூட்டினால் இரண்டு மணிக்குப் பிறகுதான் திறப்பார்.