68.5 கிலோஹெர்ட்ஸும் எதிர்வீட்டு பல்பும்

போன வாரம் மச்சினன் போன் போட்டான். "அத்தான், அந்த ரேடியோ கடிகாரம் ரெண்டு வருசமா ஓடுதுல்லா, நானும் ஒண்ணு கட்டட்டுமா?" கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் அதில் அலைவரிசையைப் பிரித்தெடுக்கும் கிறிஸ்டலின் கால் ஒடிந்து, புதிதாகப் பற்றவைத்துவிட்டு எரிச்சலில் இருந்தேன்.

வானொலியில் வரும் நேரக் குறியைப் பிடித்துத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் கடிகாரம் இது. நம் நாட்டில் நெட்டலையில் (தாழ்ந்த அலைவரிசையில்) நேரம் சொல்லும் நிலையம் கிடையாது. நான் பிடிப்பது பிபிசி (BPC). லண்டன்காரர்கள் இல்லை, சீனாவில் ஷாங்சியூவிலிருந்து 68.5 கிலோஹெர்ட்ஸில் வருவது. சிக்னலைப் பிடிக்கும் மலிவான போர்டெல்லாம் ஜெர்மனி நிலையத்தின் 77.5-க்குச் செய்தவை. கிறிஸ்டலை மாற்றி, ஆன்டெனாவான ஃபெரைட் காயிலோடு இருந்த 3.5 நானோஃபாரட் கண்டென்சருக்குப் பக்கத்தில் இன்னொரு 1 நானோஃபாரட் போட்டேன், 68.5-க்கு இறங்கி வந்தது. காயில் சுற்றிய ராடை வடமேற்கு–தென்கிழக்காகப் படுக்கவைத்தால் அதன் விலா சீனாவைப் பார்க்கும், விலாப்பக்கம்தான் நன்றாகப் பிடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

வருவது சீன நேரம், நம்மைவிட இரண்டரை மணி கூட. அதைக் கழிக்க நான் சோம்பல்பட்ட நாளில், ராத்திரி பத்தரைக்கு ஆச்சி டிஸ்ப்ளேயைப் பார்த்துவிட்டு, "மணி ஒண்ணாவுது, இன்னும் உறங்கலியால?" என்று விளக்கை அணைத்தாள்.

அணைத்ததும் சிக்னல் தெளிந்தது. வினையே அந்த விளக்கில்தான், அது கிளப்பும் ரேடியோ இரைச்சலில். லேப்டாப் சார்ஜருக்குள் இருக்கும் ஐசி பலவும் 65 கிலோஹெர்ட்ஸில் அணைந்து அணைந்து எரிவதுபோல் சுவிட்ச் ஆகி இரைகின்றன, 68.5-க்கு அது பக்கத்து வீடு. மலிவு எல்இடி பல்புக்கோ ஒரு இடமென்று கிடையாது, சூடாக ஆக அலையும். தேதியோடு முழு நேரமும் 20 விநாடியில் வந்துவிடும், நிமிடத்துக்கு மூன்று தடவை. அந்த 20 விநாடி சுத்தமாகக் கிடைக்கவேண்டுமே! எதிர்வீட்டு வாசல் பல்பு ஒரு மணிக்குமேல்தான் அணையும். சீனாக்காரன் தினமும் நம் நேரத்துக்கு 2:30-க்குக் கடையைச் சாத்தி 5:30-க்குத் திறக்கிறான். ஊர் அடங்கும் நேரம் பார்த்து அவனும் அடங்கிவிடுகிறான். எனக்கு மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம்.

ஆனால் போன ஆடியில் ஒரு ராத்திரி, காற்றில் கிளை முறிந்து கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெரு முழுக்கக் கரண்ட் போனது. மச்சியில் ரெண்டு பென்சில் செல்லோடு போர்டை வைத்தேன். 4,800 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து விநாடிக்கு ஒரு துடிப்பு, ஒன்றுகூடத் தவறாமல் சிவப்பு எல்இடி கண் சிமிட்டிற்று. ஒரு பாட்டு கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடத்தில் யார் வீட்டிலோ இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கியது. போச்சு.

(பழைய காயிலை லேப்டாப் மைக்கில் சொருகினால் திரையில் வரும் அலைவரிசைப் படத்தில் 18.2 கிலோஹெர்ட்ஸில் தடித்த கோடு தெரிகிறது: நம் விஜயநாராயணம் கடற்படை நிலையம். நீர்மூழ்கிகளுக்குப் பேசுவது, நமக்கு மணி சொல்லாது.)

மச்சினா, கட்டாதே. ஒரு ஜிபிஎஸ் போர்டு வாங்கி சன்னலோரம் வை, பல்பு எரிந்தாலும் நேரம் காட்டும். கிறிஸ்டல் ரெண்டாக வாங்கியிருக்கிறேன், மிச்சம் ஒன்று டிராயரில் கிடக்கிறது. ஆடிக்கு முன்னே வந்தால் எடுத்துக்கொள்.