கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டார்கள்: குழந்தையோடு இம்மர்சிவ் நாடகத்துக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

2 மணி நேர நாடகம். என் 5 வயது மகளோடு உள்ளே போன 20 நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். டிக்கெட் பணம் திரும்பி வரவில்லை. இதே மாதிரி விளம்பரத்தை நம்பிக் குழந்தையைக் கூட்டிப்போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இம்மர்சிவ் என்கிற இந்த வகை நாடகத்தில் மேடையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. ஒரு கட்டடம் முழுக்க அறை அறையாகக் காட்சிகள் நடக்கும், நாம் அதற்குள் நடமாட வேண்டும். 2000-இல் தொடங்கிய பஞ்ச்ட்ரங்க் என்ற பிரிட்டிஷ் குழுதான் பார்வையாளர்களுக்கு முகமூடி மாட்டிவிடும் பாணியைப் பிரபலமாக்கியது. குழந்தைகளுக்கு என்றால் அவர்களே தனியாக வேறு மாதிரி நாடகம் செய்கிறார்கள். நான் போனது அவர்களுடையது அல்ல; அந்தப் பாணியைப் பார்த்துச் செய்த வேறொரு குழு. விளம்பரத்தில் ஒரு சிறுமி லாந்தர் விளக்கோடு நிற்கும் படம். 'குடும்பத்தோடு வாருங்கள்' என்று பெரிய எழுத்து. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

வாசலிலேயே போனை வாங்கி ஒரு பையில் போட்டுப் பூட்டிக் கொடுத்துவிட்டார்கள். என் கைப்பையும் போனது, அதில்தான் அவளுடைய தண்ணீர் பாட்டில். பெரியவர்களுக்கான முகமூடியை அவளுக்கும் மாட்டினார்கள். அது தாடைக்குக் கீழே தொங்கியது. எலாஸ்டிக்கில் ஒரு முடிச்சுப் போட்டு "சரியாகிவிடும் மேடம்" என்றார் வாசலில் இருந்த பையன்.

முதல் அறை அருமை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய மேசை, நிறைய இழுப்பறைகள், எதை வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஒன்றில் துருப்பிடித்த சாவி கிடைத்தது. மகள் அதைக் கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாள். உலகத்தையே ஜெயித்த மாதிரி ஒரு முகம்.

அடுத்தது இருட்டு நடைபாதை. தரையெல்லாம் புகை. எனக்கு இடுப்புக்குக் கீழேதான் இருந்தது, அதனால் பெரிதாகத் தோன்றவில்லை. அவள் நகராமல் நின்றதும் குனிந்தேன். அவள் உயரத்தில் வெறும் வெள்ளைதான்; அதற்குள் யார் யாரோ நடந்து போகும் கால்கள். இந்த மாதிரிப் புகையை உலர்பனிக்கட்டியில் (டிரை ஐஸ்) உண்டாக்கினால் அதில் கார்பன் டை ஆக்சைடு கலந்திருக்கும்; அது காற்றைவிடக் கனம், கீழேயே, குழந்தை மூச்சுவிடும் உயரத்திலேயே தங்கும். அங்கே எதைப் பயன்படுத்தினார்கள் என்று பிறகு கேட்டேன், யாருக்கும் பதில் தெரியவில்லை.

அப்புறம் நடந்ததுதான் இதை எழுத வைத்தது. முகத்தைத் துணியால் சுற்றிய ஒரு நடிகர் வந்து மண்டியிட்டு அவள் கையைப் பிடித்தார். பக்கத்தில் ஒரு கதவைத் திறந்து அவளை மட்டும் உள்ளே அழைத்தார். ஒரே ஒரு பார்வையாளரைத் தனியறைக்குக் கூட்டிப்போய் நடிப்பது இந்த வகை நாடகங்களில் வழக்கமாம். 5 வயதுக் குழந்தையிடமுமா? கதவுக்கு நடுவில் காலை வைத்தேன். "விடுங்கள், இவள் என் மகள்" என்று சத்தமாகவே சொன்னேன். மனிதர் பாத்திரத்தை விட்டு வெளியே வரவே இல்லை. தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து ஓர் இடிச் சத்தம், கூடவே பளிச் பளிச்சென்று வெட்டி வெட்டி எரியும் விளக்கு. "அம்மா, அந்த மாமாவுக்கு மூஞ்சி இல்லையா?" என்று கேட்டுவிட்டு வீறிட்டு அழ ஆரம்பித்தாள்.

வெளியேறலாம் என்றால் வழி தெரியவில்லை. மூலையில் நின்ற கறுப்பு முகமூடி ஊழியரிடம் கேட்டால் உதட்டில் விரல் வைத்து 'உஷ்' என்கிறார். அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே இழுப்பறை அறைக்கு இரண்டு தடவை திரும்பி வந்தேன்.

வெளியே வந்து பணத்தைக் கேட்டேன். நிபந்தனைகளில் '13 வயதுக்கு மேற்பட்டோருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது' என்று இருக்கிறதாம். இருந்தது, 14-ஆவது வரியாக. நான் படிக்காதது என் தப்புதான். ஆனால் 5 வயதுக்கு டிக்கெட் விற்றது யார்? முன்பதிவில் அவள் வயதைக் கேட்டு வாங்கினார்களே, முகமூடியில் முடிச்சுப் போட்டார்களே, அப்போது யாரும் வாயைத் திறக்கவில்லையே?

முன்பதிவுக்கு முன் போன் போட்டுக் கேளுங்கள்: குழந்தையை நடிகர்கள் தொடுவார்களா, தனியாகக் கூட்டிப்போவார்களா, பாதியில் வெளியேற யாரிடம் சொல்ல வேண்டும். மின்னும் விளக்கு உண்டா என்பதையும் விடாதீர்கள். நொடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் ஒளி, அத்தகைய ஒளியால் பாதிக்கப்படும் தன்மை உள்ளவர்களுக்கு வலிப்பைத் தூண்டலாம். குழந்தைக்கு அது இருப்பதே அப்போதுதான் தெரியவரும் வாய்ப்பும் உண்டு. சத்தம் பற்றிக் கேட்டால் 'சாதாரணமாகத்தான் இருக்கும்' என்பார்கள், டெசிபல் எவ்வளவு என்று கேளுங்கள். நிகழ்ச்சி அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்ன உச்சவரம்பே சராசரி 100 டெசிபல்தான். பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பணத்துக்குப் பதிலாக அவர்களுடைய அடுத்த நாடகத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் நீட்டினார்கள். வாங்கவில்லை. கிளம்பும்போது கவுன்டரில் இருந்தவர் மகளின் கையைப் பார்த்துவிட்டார். "அந்தச் சாவி நாடகப் பொருள் மேடம், வைத்துவிட்டுப் போங்கள்" என்றார்.