வேலூர் வெயிலில் ஒரு பழைய வூவ்ரே: ஹூவெட் ‘லு மோன்’ தெமி-செக் 2008

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுவோம். இது அபாரமான ஒயின். ஆனால் 12 டிகிரி செல்சியஸில் வைத்துக் குடிக்க வழி இருப்பவர்கள் மட்டும் இதற்குக் காசு செலவழிக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்து அப்படியே ஊற்றினால் எலுமிச்சைத் தண்ணீரில் கொஞ்சம் தேன் விட்டது போலத்தான் இருக்கும். மே மாதத்து அறைச் சூட்டில் விட்டுவிட்டால் ஆல்கஹாலும் இனிப்பும் தனித்தனியாகப் பிரிந்து நாக்கில் நிற்கும். பதினைந்து ஆண்டைத் தாண்டிய ஒயினுக்கு எமன் வயது என்று பலர் நினைக்கிறார்கள். வேலூரில் அதன் எமன் வெயில்தான்.

வூவ்ரே என்பது ஃபிரான்சின் லுவார் ஆற்றின் வடகரையில், தூர் நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் பகுதி. திராட்சை ஷெனின் ப்ளாங் என்ற வெள்ளை ஒயின் ரகம். நாசிக்கில் சூலா ஒயின் நிறுவனம் பல வருடமாகப் போடும் ஷெனின் ப்ளாங்கும் இதே திராட்சைதான். அது ஓரிரு வருடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டியது. அதையும் இதையும் அடுத்தடுத்து ஊற்றிப் பார்த்தால் ஒரே கொடி என்று நம்ப முடியாது. வூவ்ரேயின் குளிரில் திராட்சை மெதுவாகப் பழுக்கும், பழுத்த பிறகும் புளிப்பு இறங்காது. 2008 அங்கே குளிர்ந்த கோடை, புளிப்பு தூக்கலான ஆண்டு. அந்தப் புளிப்புதான் இந்த பாட்டிலை இத்தனை காலம் தாங்கிப் பிடித்திருக்கும் முதுகெலும்பு.

தெமி-செக் என்றால் பாதி உலர்ந்தது என்று பொருள். ஒயின் பேச்சில் உலர்ந்தது என்றால் இனிப்பு இல்லாதது. நொதிக்கும்போது சர்க்கரை முழுதும் தீர்வதற்கு முன்பே குளிர்ந்த குகை அறைகளில் நொதித்தல் அடங்கிவிடும். பிறகு வண்டலை நீக்கி, கந்தகம் சேர்த்து நிறுத்துகிறார்கள். வூவ்ரே தெமி-செக்கில் பொதுவாக லிட்டருக்கு 15 முதல் 30 கிராம் சர்க்கரை மிஞ்சும். 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் 150 மில்லி கிளாஸில் 3 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனில் முக்கால்வாசி கூட இல்லை. டீக்கடை டீயில் இதைவிடப் பல மடங்கு இருக்கும். ‘இனிப்பு ஒயின்’ என்று சொல்லி யாராவது விற்றால் அதை நம்பி வாங்க வேண்டாம், ஏமாற்றமாக இருக்கும். வயதாக ஆக இந்த இனிப்பு இன்னும் பின்னால் போய்விடுகிறது. சர்க்கரையின் அளவு குறைவதில்லை, நாக்குக்குத் தெரிவதுதான் குறைகிறது.

ஹூவெட் தோட்டம் 1928-இல் தொடங்கியது. லு ஓ-லியூ, லு மோன், க்ளோ து பூர் என்று மூன்று வயல்கள். லு மோனை 1957-இல் வாங்கினார்கள். 1990 முதல் பயோடைனமிக் முறை, ரசாயன உரம் கிடையாது. வயலுக்கு வயல் மண் மாறுவதால் மூன்றையும் தனித்தனியாகவே பாட்டிலில் அடைக்கிறார்கள். லு மோனில் களிமண் குறைவு, கல் அதிகம். அதனால் மற்ற இரண்டையும்விட இது ஒல்லியாக, நேர்கோட்டில் ஓடும் ஒயின். சதைப்பற்று வேண்டும் என்பவர்கள் க்ளோ து பூர் பக்கம் போகலாம். நீண்ட நாள் வைத்துக் குடிப்பதற்கு எங்கள் ஓட்டு லு மோனுக்குத்தான்.

கிடைப்பது எப்படி? நம்மூர் டாஸ்மாக் கடைகளில் இதை எதிர்பார்க்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும்போது ஒருவர் வரியில்லாமல் 2 லிட்டர் வரை கொண்டுவரலாம், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. தமிழ்நாட்டில் மது 21 வயது நிரம்பியவருக்குத்தான். புதுச்சேரியில் வாங்கி அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம், அந்த வழியே வேண்டாம். விமானத்தில் வந்த பாட்டில் கெடுவது பெரும்பாலும் சென்னையிலிருந்து வேலூர் வரும் சாலையில்தான். நிறுத்திய காரின் டிக்கி கோடையில் 50 டிகிரியைத் தொடும். காஞ்சிபுரத்தில் சாப்பிட இறங்கும் ஒரு மணி நேரம் போதும், கார்க் மேலே தள்ளிவிடும். தெர்மாகோல் பெட்டியில் ஜெல் ஐஸ் பொதிகள் இரண்டு வைத்து, ஏ.சி. ஓடும் பக்கமாக, சீட்டுக்குக் கீழே வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏற்றக் கூடாது, ஓட்டு வீடோ மாடி வீடோ, பரண்தான் வீட்டிலேயே சூடான இடம். ஒயின் சில்லர் இல்லாதவர்கள் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் படுக்க வைத்து இரண்டு மூன்று மாதம் வரை வைக்கலாம். கதவில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் சூடும் ஆட்டமும் படும். பயணம் செய்த பாட்டிலுக்கு இரண்டு வாரம் ஓய்வு கொடுத்த பிறகு திறப்பது நல்லது.

திறப்பதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒயின் மட்டம் கார்க்கின் அடியிலிருந்து 2, 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சரி. அதற்குக் கீழே இறங்கியிருந்தாலோ, மேலுறை பிசுபிசுத்து ஒட்டினாலோ, கார்க் வாய்க்கு மேல் முட்டி நின்றாலோ வெயில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். நிறத்தையும் கவனியுங்கள். நல்ல பாட்டில் பழைய பொன் நகையின் மஞ்சளில் பளிச்சென்று இருக்கும். டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டதென்றால் ஆசை வைக்க வேண்டாம்.

அடியில் கற்கண்டுத் துகள் போலப் படிகங்கள் தெரிந்தால் பயப்படாதீர்கள். கண்ணாடித் தூள் என்று நினைத்து நல்ல ஒயினைக் கீழே ஊற்றியவர்கள் உண்டு. அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. நம் புளியின் புளிப்பும் அதே டார்டாரிக் அமிலம்தான். அமிலம் நிறைந்த ஒயின் குளிர்ந்தால் இப்படிப் படிவது இயல்பு. முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டால் எல்லாம் அடியில் தங்கிவிடும், கடைசி இரண்டு மடக்கை மட்டும் பாட்டிலிலேயே விட்டுவிடலாம்.

இந்த வயது கார்க்குக்குச் சாதாரணத் திருகாணி ஆபத்து. நடுவில் துளைத்து இழுக்கும்போது பாதி உடைந்து உள்ளே நிற்கும். இரண்டு தகடு உள்ள திறப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். நீளத் தகட்டை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையே செருகி, பிறகு குட்டைத் தகட்டை நுழைத்து, இப்படியும் அப்படியும் ஆட்டி இறக்க வேண்டும். முழுதும் இறங்கியதும் திருகிக்கொண்டே மேலே இழுத்தால் கார்க் முழுசாக வரும். ஆட்டும்போது கீழ்நோக்கி அழுத்தம் அதிகமானால் கார்க் உள்ளே விழுந்துவிடும், அவசரப்பட வேண்டாம். தூள் விழுந்தால் சுத்தமான நுண்கண் வடிகட்டி போதும்.

கிளாஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கல்யாணத்துக்கு வந்த கிளாஸ் செட் பீரோவிலேயே கிடந்திருக்கும், அதில் அந்துருண்டை வாசனை ஏறியிருக்கும். சோப்பில் கழுவினாலும் போகாது, சோப்பின் எலுமிச்சை வாசனை வேறு சேர்ந்துகொள்ளும். வெந்நீரில் இரண்டு முறை அலசி, துடைக்காமல் காற்றில் கவிழ்த்து உலர்த்துங்கள். வாய் குறுகிய, வயிறு அகன்ற கிளாஸ் தேவை. ஒரு முறைக்கு 75 மில்லிக்கு மேல் ஊற்றக் கூடாது, மேலே காலியாக இருக்கும் இடத்தில்தான் வாசனை சேரும். அதோடு, நிறைய ஊற்றினால் பாதி குடிப்பதற்குள் சூடாகிவிடும்.

இனி சூட்டுக் கணக்கு. ஃப்ரிட்ஜிலிருந்து 5 டிகிரியில் வெளிவரும் பாட்டில், ஏ.சி. இல்லாத மே மாத அறையில் 12 டிகிரி வர ஏறக்குறைய 12 முதல் 15 நிமிடம். 25 டிகிரி ஏ.சி. அறையிலோ மார்கழி மாலையிலோ 20, 25 நிமிடம் ஆகும். சமையலறை தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் ஊகம் வேண்டாம். மேஜையில் பாட்டில் சூடேறிக்கொண்டே போனால், பக்கெட்டில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டு ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். ஐஸை மட்டும் கொட்டினால் பாட்டிலைத் தொடுவது பாதி காற்றுதான், குளிராது. கிளாஸுக்குள் ஐஸ் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

திறந்த முதல் அரை மணி நேரம் ஒயின் வாயைத் திறக்காது. தீக்குச்சி உரசியது போல லேசான கந்தக நெடி, மழையில் நனைந்த கம்பளி வாசனை, அவ்வளவுதான். இங்கேதான் பலர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். நனைந்த கம்பளி பழைய ஷெனினின் இயல்பான வாசனை. நனைந்த அட்டைப்பெட்டி வாசனைதான் கோளாறு, அது கார்க்கிலிருந்து வரும் கெடுதல். இரண்டையும் பிரித்தறிய இருபது நிமிடம் காத்திருந்தால் போதும். கம்பளி மெல்ல விலகித் தேனுக்கு வழிவிடும். அட்டை நேரம் ஆக ஆகக் கூடும். அட்டை வாசனை வந்த பாட்டிலை எதுவும் மீட்காது, குடித்தால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, ருசிதான் செத்துவிடும். அடிபட்டுப் பழுப்பேறிய ஆப்பிள் வாசனை மட்டுமே இருந்தால் காற்று புகுந்திருக்கிறது.

நல்ல பாட்டில் 40 நிமிடத்தில் வேறு ஆளாகிவிடுகிறது. முதலில் வருவது தேன்மெழுகு. ஜவ்வாது மலைத் தேனடையைப் பிழிந்த பிறகு கையில் ஒட்டியிருக்குமே, அந்த வாசனை. தேனின் இனிப்பைவிட மெழுகும் பூந்தூளும்தான் தூக்கல். அதற்குப் பின்னால் சுட்ட ஆப்பிள், காய்ந்த ஆப்ரிகாட், காய்ந்த சாமந்தி, கொஞ்சம் சுக்கு. அடியில் புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரில் தண்ணீர் தெளித்தால் எழும் வாசனை. வாயில் வைத்ததும் முன்நாக்கில் ஒரு நொடி இனிப்பு தொடும், உடனே புளிப்பு எழுந்து அதை இழுத்துக்கொண்டு போகும். விழுங்கிய பிறகு நாக்கு உலர்ந்து, எச்சில் ஊறி, ஓரத்தில் நார்த்தங்காய்த் தோலின் மெல்லிய கசப்பு. அந்த முடிவு ஒரு நிமிடம் வரை நிற்கிறது. 14 டிகிரிக்கு மேல் போனால் மெழுகு கனத்து, கசப்பு துருத்திக்கொள்ளும். 8-க்குக் கீழே போனால் சுக்கும் சுண்ணாம்பும் முழுசாக மறைந்துவிடும்.

சாப்பாட்டோடு இது எப்படிப் போகிறது? ஆம்பூர் பிரியாணியோடு பிரமாதம். ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாயின் காரத்தை மிஞ்சிய சர்க்கரை தணிக்கிறது, இறைச்சிக் கொழுப்பைப் புளிப்பு கழுவிவிடுகிறது. சீரக சம்பாவின் மணம் ஒயினின் தேன்மெழுகோடு மோதாமல் கூடவே போகிறது. அதே தட்டில் இருக்கும் எண்ணெய்க் கத்திரிக்காய்தான் சிக்கல். இலவம்பாடி முள்கத்திரிக்காயே ஆனாலும் புளிக்கரைசலில் வெந்திருந்தால் ஒயின் தோற்றுவிடும். உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பை மறைத்துவிட, மிஞ்சுவது சர்க்கரை மட்டும், சப்பென்று ஆகிவிடும். கத்திரிக்காயைப் புளி விடாமல் வேர்க்கடலை, எள் அரைத்து வதக்கினால் இந்தத் தொல்லை இல்லை. தயிர்ப் பச்சடியின் பச்சை வெங்காயமும் வாசனையை அடைத்துவிடும், ஒயின் முடியும்வரை தள்ளி வையுங்கள். சைவத்தில் மிளகும் நெய்யும் தாராளமாகப் போட்ட சாமைப் பொங்கல் அருமையாகப் பொருந்துகிறது, கொத்சு மட்டும் வேண்டாம். ஆற்காடு மக்கன் பேடாவோடு சேர்க்கவே கூடாது. இனிப்புப் பண்டம் ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் வெறும் புளிப்புத் தண்ணீராகத்தான் தெரியும்.

குறை என்று சொன்னால், பாட்டிலுக்குப் பாட்டில் வித்தியாசம். இயற்கைக் கார்க் போட்ட பழைய ஒயின் எதிலும் இது உண்டு, இரண்டு பாட்டிலில் ஒன்று பின்தங்கியிருந்தால் வியப்பில்லை. விலையும் சிறியதல்ல. அதனால் முதல் முறை ருசி பார்ப்பவர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்றைத் திறப்பது நல்லது. ஆளுக்கு இரண்டு முறை 75 மில்லி ஊற்றினாலும் 150 மில்லி மிஞ்சும்.

அந்த மிச்சத்தைக் கார்க்கால் மூடி ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். இந்த ஒயினில் அமிலமும் சர்க்கரையும் இருப்பதால் நான்கைந்து நாள் தாங்கும். மறுநாள் அதே 12 டிகிரிக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். கந்தகமும் கம்பளியும் போன இடம் தெரியாமல், சுக்கும் தேன்மெழுகும் முன்னுக்கு வந்து நிற்கும். முதல் நாளைவிட இரண்டாம் நாள் கிளாஸுக்குத்தான் நாங்கள் கூடுதல் மதிப்பெண் கொடுக்கிறோம்.