கண்ணா, காலா, கருவியா?

குடித்துவிட்டு ஓட்டியதாகச் சந்தேகப்பட்டு ஒருவரை வண்டியிலிருந்து இறக்கியாயிற்று. எதை வைத்து முடிவு செய்வது? ஊதிப் பார்க்கும் கருவி ஒரு பக்கம். 1970களின் பிற்பாதியில் அமெரிக்காவில் ஆய்வு நடத்தி வரையறுத்த மூன்று உடல் சோதனைகள் இன்னொரு பக்கம்.

மூன்றில் என் ஓட்டு கண் சோதனைக்குத்தான். முகத்துக்கு முன்னால் ஓர் அடி தள்ளிப் பேனாவைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்துவார்கள். தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் அதைத் தொடர வேண்டும். போதை ஏறியிருந்தால் கருவிழி சீராக நகராமல் துள்ளித் துள்ளிப் போகும், 45 டிகிரியைத் தொடும் முன்பே நடுங்கத் தொடங்கும். எவ்வளவு சாமர்த்தியசாலியும் இதை நடித்து மறைக்க முடியாது. ஆனால் சிலருக்குப் பிறவியிலேயே கண் இப்படி ஆடும். பார்ப்பவருக்கு நல்ல பயிற்சியும் வேண்டும்.

குதிகாலும் விரலும் ஒட்ட 9 காலடி எடுத்து வைத்து, திரும்பி, மறுபடி 9 காலடி நடப்பது அடுத்தது. பார்க்க நடைச் சோதனை மாதிரி இருந்தாலும், சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டே உடலையும் அடக்க முடிகிறதா என்பதுதான் உண்மையான கேள்வி. மூன்றாவது, ஒற்றைக்காலில் 30 விநாடி. முழங்கால் வலிக்காரரும் வயதானவரும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலே இதில் தள்ளாடுவார்கள்.

ரத்தத்தில் 0.08 சதவீத மதுவை அளவுகோலாக வைத்து சான் டியாகோவில் நடந்த 1998 ஆய்வில் கண் சோதனை 88, ஒற்றைக்கால் 83, நடை 79 சதவீதம் சரியாகச் சொன்னது. 88 என்றாலும் ஏறக்குறைய எட்டில் ஒன்று தப்பு, அதையும் மறக்கக் கூடாது.

சரி, கருவி? மூச்சில் உள்ள மது பிளாட்டினம் மின்முனையில் வினைபுரிந்து மின்னோட்டம் பிறக்கிறது, அது எண்ணாகத் தெரிகிறது. சாலையோரத்தில் மதுவைப் பிடிக்க இதை மிஞ்ச ஆளில்லை. அப்போதுதான் வாயில் ஊற்றியிருந்தால் அளவு ஏறிக் காட்டும் என்பதால் 15 நிமிடம் பொறுத்து ஊதச் சொல்ல வேண்டும்.

ஆனால் கஞ்சாவும் தூக்க மாத்திரையும் இதன் கண்ணில் படாது. எச்சில் சோதனை கஞ்சாவைப் பிடிக்கும், ஆனால் உள்ளே இருக்கிறது என்று மட்டும் சொல்லும், இப்போது நிதானம் தப்பியிருக்கிறதா என்று சொல்லாது. கருவி சுழியம் காட்டியும் ஆள் தள்ளாடினால், ஓரங்கட்டிய நடைச் சோதனையைத்தான் திரும்பத் தேட வேண்டியிருக்கிறது.