கொரியன் புல், செயற்கைப் புல், அருகம்புல்: ஒரே முற்றத்தில் பதினோரு ஆண்டுகள்

என்னுடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் புது வீடு கட்டி முடித்திருக்கிறார். வாசலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். "செயற்கைப் புல் விரித்துவிடலாமா அக்கா, இல்லை நிஜப் புல்லே வளர்க்கலாமா?" என்று கேட்டார். அதற்குள் மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போய்விட்டேன். ஆனால் அன்று முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தவள் நான். இரண்டுக்கும் செலவழித்து, இரண்டையும் பெயர்த்தெடுத்து, இப்போது மூன்றாவதாக ஒன்றை வளர்த்துக்கொண்டிருக்கிறேன். அவருக்குச் சொல்ல நினைத்ததை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு சென்னையின் தென்புறம் மேடவாக்கத்தில் இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கம்தான். மண் களிமண். முன்புறமும் பக்கவாட்டிலும் சேர்த்து 420 சதுர அடி முற்றம். தெற்கு ஓரத்தில் ஒரு மாமரம் உண்டு. அதன் நிழல் படும் மூலையைத் தவிர மற்ற இடமெல்லாம் காலை எட்டு மணியிலிருந்து பிற்பகல் மூன்று வரை நல்ல வெயில்.

2014இல் குடிவந்தபோது கொரியன் புல் போட்டோம். செம்மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்து பரப்பி, பத்தை பத்தையாகப் புல்லைப் பதித்துவிட்டுப் போனார்கள். எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரம் ரூபாய் ஆயிற்று. மூன்றே மாதத்தில் பச்சைக் கம்பளம். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் கொரியன் புல்லை வெட்டாமல் விட்டால் அங்கங்கே மேடு தட்டி, அடியில் காய்ந்த புல் பஞ்சு போல அடைந்துகொள்ளும். மாமர நிழலில் அது வளரவே இல்லை. கோரை முளைத்தால் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். மேலே கிள்ளினால் இரண்டே நாளில் திரும்பி வந்துவிடும். மாதத்துக்கு இரண்டு முறை தோட்டக்காரர் வந்து வெட்டிவிட்டுப் போவார். இதையெல்லாம் நான் குறையாகவே சொல்ல மாட்டேன். வளர்ப்பது என்றால் வேலை இருக்கத்தான் செய்யும்.

என்னை உட்கார வைத்தது தண்ணீர்க் கணக்குதான். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட ஒரு லிட்டர் பிடிக்கும். எங்கள் முற்றம் சுமார் 39 சதுர மீட்டர். கோடையில் நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் கொடுத்தால் ஏறக்குறைய 195 லிட்டர். மாதத்துக்கு ஆறாயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது பெரிய தண்ணீர் லாரியில் பாதி. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருந்த வரை இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததே இல்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தபோது, எங்கள் போர் குழாயிலும் வெறும் காற்றுதான் வந்தது. லாரிக்குச் சொல்லிவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தோம். பக்கத்துத் தெருவில் பெண்கள் குடங்களை வரிசையாக வைத்து நிற்கும்போது புல்லுக்குத் தண்ணீர் விட எனக்குக் கை வரவில்லை. ஜூன் முடிவதற்குள் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. அதை வெட்டி எடுத்த அன்று வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை.

2020 பொங்கலுக்கு முன்னால் செயற்கைப் புல் விரித்தோம். 35 மில்லிமீட்டர் உயரம், சதுர அடி 80 ரூபாய். புல்லுக்கு மட்டும் 33,600 ரூபாய். அதற்கு முன் தரை சமமாக இருக்க வேண்டும் என்று சிமென்ட் தளம் போடச் சொன்னார்கள், அது தனிச் செலவு. இழைகள் பாலிஎத்திலீன். அடியில் காய்ந்த புல் போலவே தெரிகிற பழுப்புச் சுருள்களும் உண்டு. முதுகில் ரப்பர் போன்ற பூச்சு, தண்ணீர் இறங்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். இழைகள் படுத்துவிடாமல் நிற்க மேலே மெல்லிய சிலிக்கா மணலைத் தூவி வாரினார்கள். இரண்டே நாளில் வேலை முடிந்துவிட்டது.

முதல் ஆண்டு அது எங்களுக்குச் செய்த உதவியை மறைக்கக் கூடாது. மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், வெளியே போக வழியில்லை. மாலை ஐந்து மணியானால் அந்தப் பச்சை விரிப்புதான் அவர்களுக்கு விளையாட்டு மைதானம். சேறு இல்லை, கொசு இல்லை, பாம்பு பயம் இல்லை. இரவுச் சாப்பாட்டைக்கூடச் சில நாள் அங்கேயே வைத்துக்கொண்டோம்.

பிறகு கத்திரி வெயில் தொடங்கியது. ஒரு நாள் நண்பகலில், கொடியில் காய்ந்த துணியை எடுக்க என் மாமியார் செருப்பில்லாமல் போனார். சர்க்கரை நோய் உள்ளவர், பாதத்தில் உணர்ச்சி குறைவு. நான்கைந்து துணிகளை நிதானமாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சாயங்காலம் கால் கழுவும்போதுதான் பார்த்தோம். வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். "புல்தானே என்று கால் வைத்தேன் கண்ணு" என்றார். அந்தக் கொப்புளம் ஆற ஆறு வாரம் ஆயிற்று. தினமும் மருந்து வைத்துக் கட்டியவள் நான். அந்த ஒரு வாக்கியத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அவர் கால் வைத்ததில் என்ன தவறு? புல் குளிர்ச்சியானது என்பதுதான் அவருடைய எழுபது வருட அனுபவம். உயிருள்ள புல் வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியாக ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் அதன் மேல் வெப்பம் தங்குவதில்லை. பிளாஸ்டிக் இழைக்கு அந்த வழி கிடையாது, வாங்கிய வெயிலை அப்படியே வைத்துக்கொள்ளும். நேரடி வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். அரை மணி நேரத்தில் மறுபடியும் கொதித்தது. தண்ணீரை மிச்சப்படுத்தப் போட்ட விரிப்புக்கே நாளுக்கு நான்கு வாளி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தோம். உங்கள் வீட்டில் முதியவரோ சர்க்கரை நோயாளியோ தவழும் குழந்தையோ இருந்தால், வெயில் படும் இடத்தில் இதைப் போடாதீர்கள். மற்ற குறைகளை எல்லாம் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம்.

அந்த மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஓடி விழுந்தால் முழங்கால் சேற்றுப் புல்லில் வழுக்குவது போல வழுக்காது, தோல் உராய்ந்து எரியும். 2015இல் கனடாவில் நடந்த பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்தைச் செயற்கைப் புல்லில் நடத்தியதற்கு முன்னணி வீராங்கனைகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள் என்று படித்தபோது, என் மகளின் முழங்கால்தான் கண்முன் வந்தது. எங்கள் நாய் வழக்கமாகப் போகும் மூலையில் இரண்டாம் ஆண்டிலிருந்து நெடி. மண்ணாக இருந்தால் மூத்திரத்தை அது உள்வாங்கிச் செரித்துவிடும். இங்கே ஓட்டைகளின் வழியாக இறங்கிச் சிமென்ட்டின் மேல் தங்கியது. வினிகர் கலந்த தண்ணீர் ஊற்றினால் நான்கு நாள் தாங்கும். மாமரம் பூத்தால் இன்னொரு பாடு. தத்துப்பூச்சி வடிக்கும் பிசுபிசுப்பு இழைகளில் படிந்து, அதன் மேல் பூவும் தூசியும் ஒட்டி, துடைப்பத்துக்கு அசையாது. நான்காம் ஆண்டில் வெயில் பட்ட பக்கம் நிறம் வெளிறிவிட்டது. வாரும்போது மெல்லிய பச்சைத் துணுக்குகள் கையோடு வந்தன. அவை மழையில் எங்கே போய்ச் சேரும் என்று யோசித்தால் மனம் கனக்கிறது. பக்கத்தில் சதுப்பு நிலம் இருக்கிறது.

ஒரு செய்தி. இந்தச் செயற்கைப் புல் புகழ்பெற்றதே வெயில் இல்லாத ஓர் இடத்தில்தான். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரையிட்ட மைதானம் 1965இல் திறக்கப்பட்டது. ஒளி புகும் கூரைக்கு அடியில் நிஜப் புல்தான் வளர்த்தார்கள். கண் கூசிப் பந்து தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் சொல்ல, கூரைக்குச் சாயம் பூசினார்கள். வெளிச்சம் இல்லாமல் புல் செத்தது. 1966இல் செயற்கைப் புல்லை விரித்தார்கள். ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் அந்த மைதானத்திலிருந்து வந்ததுதான். புல் பிழைக்க முடியாத இடத்தில் விரித்ததை, புல் செழிக்கிற வெயிலில் நாங்கள் விரித்திருந்தோம்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். முற்றத்தில் இரண்டு நாள் சாக்கடை கலந்த நீர் நின்றது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் முற்றம் மூழ்கியது. அப்போது இருந்தது கொரியன் புல். நீர் வடிந்ததும் வண்டலை வழித்துவிட்டோம், பொங்கலுக்குள் புதுத் தளிர் விட்டுவிட்டது. இந்த முறை வண்டல் இழைகளுக்குள் போய் இறுகிவிட்டது. குழாயால் பீய்ச்சியும் போகவில்லை. ஒரு வாரத்தில் வீட்டு வாசல் கதவைத் திறக்க முடியாத நாற்றம். விரிப்பின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் கறுப்பாக வழுவழுத்தது. அதற்கும் கீழே நாங்களே போட்ட சிமென்ட். 2003இல் தமிழ்நாடு அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதன்படி மாடியில் விழும் நீரையெல்லாம் குழாய் வைத்துக் குழிக்குள் இறக்கிய நாங்கள், முற்றத்தில் விழும் நீரை மட்டும் மண்ணுக்குள் போகவிடாமல் தெருவுக்குத் தள்ளியிருக்கிறோம். அது எனக்கு உறைத்தது அப்போதுதான்.

விரிப்பைப் பழைய பொருள் வாங்குபவர் எடுத்துக்கொள்ளவில்லை. இழை ஒரு பிளாஸ்டிக், துணி ஒரு பிளாஸ்டிக், பின்னால் பூச்சு வேறு. பிரிக்க முடியாததை உருக்கவும் முடியாது என்றார். சேதமாகாத ஒரு துண்டைக் கழுவி வைத்துக்கொண்டு மீதியைக் குப்பை வண்டியில்தான் ஏற்றினோம்.

சிமென்ட்டைக் கடப்பாரையால் உடைத்தபோது அடியில் இருந்த மண் செங்கல் போல இறுகிக் கிடந்தது. ஒரு மண்புழு இல்லை. கோடை மழை இரண்டு முறை பெய்யும் வரை அதை அப்படியே விட்டு, கொத்தி, தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தோம். மறுபடியும் கொரியன் புல்தான் என்று என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது மாமியார் சொன்னார்: "பத்து வருடமாக நீங்கள் களை என்று பிடுங்கிப் போட்டதெல்லாம் அருகம்புல். பிள்ளையார் சதுர்த்திக்கு அதையே கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்."

2024 ஜூலையில் திருப்போரூர்ப் பக்கம் உறவினர் வயல் வரப்பிலிருந்து ஒரு சாக்கு அருகைக் கொண்டுவந்தோம். கணுவுள்ள தண்டுகளாகக் கிள்ளி, அரை அடிக்கு ஒன்றாக ஊன்றினோம். நட்டது நான், என் மகள், மாமியார். அவருக்கு முக்காலி போட்டுக் கொடுத்தோம். முதல் மூன்று வாரம் தினமும் தண்ணீர், பிறகு வாரம் இரண்டு முறை. தீபாவளிக்குள் தரை தெரியாமல் மூடிவிட்டது. திருமணத்தில் "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துகிறோமே, அந்த வேர் எப்படி ஓடும் என்பதை ஒவ்வொரு கணுவிலும் அதுவே ஊன்றிக்கொள்வதைப் பார்த்த பிறகுதான் புரிந்துகொண்டேன். செலவில் பெரும்பகுதி சிமென்ட்டை உடைத்து அள்ளவும் மண் சேர்க்கவும் போனது, பதினெட்டாயிரம் ரூபாய். புல்லுக்குக் காசில்லை.

மாமர நிழல் ஓரத்தில் அருகு மெலிந்துபோயிற்று. அங்கே தரையோடு படரும் பொடுதலையை வைத்தோம். வெள்ளையும் இளம் ஊதாவுமாகப் பூத்து வண்ணத்துப்பூச்சிகளை அழைக்கிறது. தேனீயும் வரும், அந்தப் பக்கம் செருப்புப் போட்டுக்கொண்டுதான் போகிறோம். தண்ணீருக்குக் குளியலறைக் கழிவுநீரைத் தனிக் குழாயில் பிரித்து, மணலும் ஜல்லியும் நிரப்பிய சிறு பாத்தியில் கல்வாழை நட்டு, அதன் வழியாக வடிய விட்டிருக்கிறோம். அந்த நீரே முற்றத்துக்குப் போதுமானதாக இருக்கிறது. சோப்பு நெடி இல்லை.

கம்பளம் போன்ற அழகு அருகுக்கு இல்லைதான். 2025 ஏப்ரலில் வேண்டுமென்றே மூன்று வாரம் நீர் விடாமல் பார்த்தேன். பழுப்பாகிவிட்டது. கோடை மழை ஒன்று பெய்தது, ஐந்தாம் நாள் பச்சை. வெட்டாமல் விட்டால் முழங்கால் உயரம் வந்து பாம்பு பயம் வரும், அதனால் மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெட்டியே ஆக வேண்டும். பூச்செடிப் பாத்திக்குள் அது நுழையாமல் இருக்க ஓரத்தில் முக்கால் அடி ஆழத்துக்குக் கடப்பைக் கல்லைப் புதைத்திருக்கிறோம். அதையும் தாண்டி வருகிறது. கோரையும் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் அதற்கே போகிறது.

கழுவி வைத்த அந்தச் செயற்கைப் புல் துண்டு, மாடியில் வடக்குப் பக்கம் வெயிலே படாத பால்கனியில் கிடக்கிறது. அங்கே அது சுடுவதில்லை, நாறுவதில்லை. மகன் அதில் படுத்துத்தான் படிக்கிறான். அந்த இடத்துக்கு அது சரியான பொருள். இன்னும் சில ஆண்டு உழைக்கும்.

ஆக, அந்த ஆசிரியையிடம் நாளை நான் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கப் போகிறேன். அந்த இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது, வீட்டில் செருப்பில்லாமல் நடப்பவர் யார். வெயில் இருந்து தண்ணீரும் இருந்தால், எங்கள் முற்றத்திலிருந்தே ஒரு சாக்கு அருகு கிள்ளித் தருகிறேன். 2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி பிள்ளையார் சதுர்த்திக்கு மாமியார் வாசலில் குனிந்து பறித்ததுபோக, மீதி நிறையவே இருக்கிறது.