முதுகு பிடித்த குதிரைக்கு முதலில் யாரைக் கூப்பிடுவது?

எங்கள் செவலைப் பெண்குதிரை பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பிறகு எங்களிடம் வந்தவள். போன வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வயிற்று வாரை இறுக்கினால் காதைப் பின்னால் மடக்குவாள். இடப்பக்கம் வட்டம் போடச் சொன்னால், கழுத்தை வளைக்காமல் உடம்பு மொத்தத்தையும் கட்டை போலத் திருப்புவாள். தடவிக் கொடுக்கப் போகிற கைக்கே பயந்து முதுகைத் தாழ்த்துவாள். அதைப் பார்க்கத்தான் மனசு தாங்கவில்லை.

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் எனக்குத் தெரிந்து குதிரை வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். எல்லோரிடமும் கேட்டேன். ஆரோவில் பக்கம் வந்துபோகும், கையாலேயே மூட்டையும் தசையையும் இளக்கிவிடும் ஆஸ்டியோபதிக்காரரைக் கூப்பிடு என்றார் ஒருவர். டாக்டரிடம் சொல்லி வலி ஊசி போடு என்றார் இன்னொருவர். லாடத்தைப் பார், சேணத்தை மாற்று, எண்ணெய் போட்டு ஒத்தடம் கொடு என்றார்கள் மற்றவர்கள். ஒவ்வொன்றாக எல்லாம் செய்தோம். எதுவும் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்த வரிசை தப்பு. அதனால் அவள் இரண்டு மாதம் கூடுதலாக வலியோடு நின்றாள்.

நாங்கள் முதலில் போனது ஆஸ்டியோபதிக்கு. 1874-ல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் மனிதர்களுக்காகத் தொடங்கிய முறை இது. இதைக் குதிரைகளுக்குக் கொண்டுவந்ததில் டொமினிக் ஜினியோ என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவருக்குப் பெரிய பங்கு உண்டு. மருந்து கிடையாது, கருவி கிடையாது, கை மட்டும்தான். வந்தவர் குதிரையை முதலில் நடக்க விட்டுப் பார்த்தார். பிறகு பிடரியிலிருந்து வால் வரை முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக விரலால் தொட்டார். ஒவ்வொரு காலையும் தூக்கி, மூட்டு எங்கே தடுக்கிறது என்று மெதுவாக மடக்கி நீட்டினார். ஒரு மணி நேரம் ஆனது. பாதியிலேயே அவள் தலையைத் தொங்கப் போட்டு, வாயை மென்று, கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டாள். அவள் உடம்பு இளகியதை நான் கண்ணால் பார்த்தேன்.

இந்தக் கை வைத்தியத்தில் அர்த்தம் இருப்பதற்குக் குதிரையின் உடலமைப்பே காரணம். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் இரண்டும் தசையாலும் நாராலும் மட்டுமே உடம்போடு கட்டப்பட்டிருக்கின்றன. உடல் பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் அந்த முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. அதனால் ஒரு காலில் சின்ன வலி வந்தாலும் தோள், கழுத்து, முதுகு எல்லாம் இழுபட்டு இறுகிவிடும். உடம்பை ஒரே தொடராகப் பார்க்கிற பழக்கம் ஆஸ்டியோபதிக்காரர்களிடம் இருக்கிறது. அதற்காகவே அவர்களை நான் மதிக்கிறேன்.

ஆனால் "முதுகெலும்பு விலகியிருக்கிறது, இடத்தில் வைத்துவிட்டேன்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மார்புப் பகுதியில் 18, இடுப்பில் வழக்கமாக 6 என்று பெரிய கணுக்கள் கனத்த தசைக்கு அடியில் கிடக்கின்றன. கையால் தள்ளி நகர்த்துகிற சமாச்சாரம் அல்ல அது. கை செய்வது தசையைத் தளர்த்துவது, மூட்டின் அசைவைக் கூட்டுவது, வலியைக் குறைப்பது. மண்டையோட்டைத் தொட்டே சரிசெய்வது, குடலைக் கையால் ஒழுங்குபடுத்துவது போன்ற கிளைகளும் இந்த முறையில் உண்டு. அவற்றுக்குச் சான்று மிகவும் மெலிது. வயிற்று வலியால் ஒரு குதிரை புரண்டால் அங்கே ஆஸ்டியோபதிக்கு வேலையே இல்லை. கடலோர மணலில் மேய்கிற நம் குதிரைகளுக்கு மணல் வயிற்றில் சேர்ந்து வலி வருவதுண்டு. அது உயிரைக் கொண்டுபோகும், டாக்டர் உடனே வந்தாக வேண்டும்.

சரி, பலன்? இரண்டு நாள் துள்ளினாள். மூன்றாம் நாள் சேணம் ஏற்றியதும் பழையபடி காது மடங்கியது.

அப்புறம்தான் டாக்டர் வந்தார். முதல் ஆளாக வந்திருக்க வேண்டியவர் அவர். விறைப்பு என்று நாம் நினைப்பது வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று அவர் விளக்கியபோது எனக்குக் கை நடுங்கியது. டெட்டனஸ் வந்தாலும் குதிரை விறைக்கும், கண்ணின் மூன்றாம் இமை வெளியே வரும். ஓய்வு கொடுத்துவிட்டுத் திடீரென வேலை வாங்கினால் தொடைத் தசை இறுகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். மாட்டு ஈ கடித்துப் பரவும் சர்ரா நோயில் பின்னங்கால் தள்ளாடும். இதில் எதற்கும் உடம்பு பிடித்துவிடுவது மருந்தாகாது, சிலதில் கை வைப்பதே ஆபத்து. அவர் காய்ச்சல் பார்த்தார் (37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை சரியான அளவு), ரத்தம் எடுத்தார், காலை மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓடவிட்டு நொண்டல் பார்த்தார். எங்கள் பக்கம் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது பெரிய ஆறுதல். அதற்கு மேல் தேவைப்பட்டால் சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரிதான்.

மருத்துவத்தின் பலவீனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். வலி மருந்து கொடுத்ததும் குதிரை நன்றாக நடக்கிறது, நாமும் குணமாகிவிட்டது என்று ஏறி உட்கார்ந்துவிடுகிறோம். பினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்தை நாள்கணக்கில் நாமாகவே தொடர்ந்தால் இரைப்பைப் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரும். மருந்து வலியை மறைக்கும்போது, வலிக்குக் காரணமானது சத்தமில்லாமல் அங்கேயே இருக்கும்.

எங்களுக்கு அந்தக் காரணத்தைக் காட்டியவர், கடலூரில் முன்பு ஜட்கா ஓட்டிய ஒரு பெரியவர். குதிரையைத் தொடக்கூட இல்லை. கழற்றிப் போட்டிருந்த பழைய லாடங்களைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "தேஞ்ச பக்கத்தைப் பாரு தம்பி. எந்தக் கால்ல பாரத்தைப் போடுது, எதைத் தப்பிக்க வைக்குதுன்னு தெரியுதா?" என்றார். வலது லாடம் வெளிப்பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. குளம்பு மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும், 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவி லாடம் மாற்ற வேண்டும். மழையைச் சாக்குச் சொல்லி நாங்கள் மூன்று மாதம் தள்ளியிருந்தோம். அடுத்து, "சேணத்தைக் கொண்டா" என்றார். ஓட்டிவிட்டு வந்து கழற்றியதும் முதுகில் வியர்வை படிந்த இடத்தைக் காட்டினார். இடப்பக்கம் தோளுக்குப் பின்னால் உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. சேணம் அங்கேதான் அழுத்துகிறது. நான் மலிவு என்று வாங்கிய பழைய சேணம் அது.

லாடத்தையும் சேணத்தையும் மாற்றி, மூன்று வாரம் ஓய்வு கொடுத்தோம். பிறகு அதே ஆஸ்டியோபதிக்காரரைத் திரும்ப அழைத்தோம். அதே கை, அதே ஒரு மணி நேரம். இந்த முறை பலன் நின்றது.

கைரோபிராக்டிக் பற்றியும் கேட்கிறார்கள். ஆஸ்டியோபதி மெதுவாக இழுத்து இளக்கும், கைரோபிராக்டிக் ஒரு மூட்டில் சட்டென்று அழுத்தும். நான் அதைச் செய்து பார்க்கவில்லை. நல்லெண்ணெய் தேய்ப்பும் உப்பு ஒத்தடமும் தசைவலிக்கு இதம்தான், புண்ணோ வீக்கமோ இருக்கிற இடத்தில் மட்டும் வேண்டாம்.

எல்லோருக்கும் நான் அழுத்திச் சொல்வது பிசியோதெரபிப் பயிற்சிகளை. கேரட்டைக் காட்டி, நின்ற இடத்திலேயே குதிரையின் மூக்கை நெஞ்சுக்கும், விலாவுக்கும், முன்னங்கால்களுக்கு நடுவிலும் கொண்டுவர வைப்பது. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் ஐந்து நாள் வீதம் மூன்று மாதம் இதைச் செய்த குதிரைகளுக்கு முதுகெலும்பை ஒட்டிய ஆழ்தசை பருத்திருந்தது. காசு செலவு கேரட்டுக்கு மட்டும்தான்.

ஆள் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. பிரான்சில் கால்நடை மருத்துவர் அல்லாத ஒருவர் விலங்குகளுக்கு ஆஸ்டியோபதி செய்ய வேண்டுமானால், கால்நடை மருத்துவர் சங்கம் நடத்தும் தேர்வில் தேற வேண்டும் என்று 2017-ல் விதி வந்தது. நம்மூரில் அப்படி ஒரு தேர்வு இல்லை. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் சிகிச்சை செய்ய வேண்டும். அதனால் யார் வந்தாலும் எங்கே படித்தீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உங்கள் டாக்டருக்குத் தெரிவித்துவிட்டே கூப்பிடுங்கள். "டாக்டர் எதற்கு, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கையில் இருக்கிற பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், டாக்டர் பார்த்து நோய் இல்லை என்று சொன்ன பிறகு, அதைச் சேணத்துக்கும் குளம்புக்கும் போடுங்கள். அதற்கு மேல் மிஞ்சினால் ஆஸ்டியோபதி. நேற்றுச் சாயங்காலம் இடப்பக்க விலா வரை மூக்கைக் கொண்டுவந்து கேரட்டை வாங்கிக்கொண்டாள் எங்கள் செவலை.